போத்தலைக் கொண்டு வாங்க

கெலிஓயாவில் தாத்தா என்றால் அக்கா. கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த எனக்கோ தாத்தா என்றால் பொல்லூன்றி நடக்கிற கிழவர். இரத்தம் எடுக்கிற வேலையில் அந்த ஊருக்குப் போன முதல் வாரம், ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, "இது எங்கட தாத்தா, இவக்குத்தான் பிளட் எடுக்கணும்" என்றாள். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தேன், கிழவர் எங்கே என்று. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. அந்தச் சொல் அன்றைக்கே பிடிபட்டுவிட்டது. 'மருந்து' என்ற சொல் பிடிபடத்தான் வருஷக்கணக்கானது.

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகிற பாதையில், மகாவலியும் ரயில் பாதையும் கூடவே வர, நடுவழியில் இருக்கிற ஊர் கெலிஓயா. தவுலகல, ஹந்தெஸ்ஸ, வெலம்பொட என்று சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அதுதான் டவுன். எங்கள் இடம் பெரிய ஆய்வுகூடம் அல்ல. ஒரு பார்மசிக்குப் பக்கத்து அறை. இரத்தம் எடுத்து, உறைய வைத்து, சுழற்றி, சீரத்தைப் பிரித்து ஐஸ் பெட்டியில் கண்டிக்கு அனுப்புவோம். ரிப்போட் பின்னேரம் வரும். பேராதனையில் படித்துவிட்டு ஆரம்பத்தில் பெரிய மெஷின்களோடு வேலை செய்தவள் நான். பிள்ளைகள் பிறந்த பிறகு வீட்டுக்குக் கிட்ட என்று இங்கே வந்தேன். மெஷினை விட்டுவிட்டு மனிதர்களிடம் வந்தது இறக்கம் என்று அப்போது நினைத்தேன்.

பிள்ளை இல்லையென்று டெஸ்டுக்கு வருகிற பெண்களை வாசலிலேயே தெரியும். டொக்டர் எழுதிய துண்டை நாலாக எட்டாக மடித்து உள்ளங்கையில் வைத்திருப்பார்கள். மாமியார் வெளியே வாங்கில் இருப்பார். உள்ளே வந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெதுவாக "இன்டைக்கு ரெண்டாம் நாள் மிஸ்" என்பார்கள். எஃப்எஸ்எச், எல்எச், ஈஸ்ட்ரடியோல் மூன்றையும் மாதவிடாயின் இரண்டாம், மூன்றாம் நாளில் பார்க்க வேண்டும். சூலகம் அப்போதுதான் ஓய்ந்திருக்கும், அடிமட்டம் தெரியும். புரோலக்டினும் தைரொய்ட்டுக்கான டிஎஸ்எச்சும் கூடவே எழுதுவார்கள். ஏஎம்எச் எந்த நாளிலும் எடுக்கலாம். புரொஜெஸ்டரோன் அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முந்தி. முட்டை வெளியானதா என்று காட்டுவது அதுதான். நாளைக் கேட்பதில் நான் கெட்டிக்காரி. நாள் பிழையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன்.

படிவத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது. "மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" எங்கள் நாட்டில் மருந்தைக் குடிப்போம், குளிசையென்றாலும் குடிப்போம். சிங்களத்திலும் அப்படித்தான், "பெஹெத் பொனவத?" என்று கேட்பேன். மூன்று சமூகத்துப் பெண்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இல்லை. நான் 'இல்லை' என்ற பெட்டியில் கோடு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

2016இல் வந்த ஒருத்தியை மறக்க முடியாது. முப்பது வயதிருக்கும். மாப்பிள்ளை கட்டாரில். ஒரு மாத லீவில் வந்திருந்தார். வெளிநாட்டுக்காரரின் குடும்பங்களுக்கு லீவு என்பது விருந்தும் சொந்தமும் மட்டுமல்ல. டொக்டர், டெஸ்ட், ஸ்கான் எல்லாம் அந்த முப்பது நாளுக்குள் நெரியும். ரப்பர் பட்டியைக் கையில் கட்டும்போது நரம்பு இடக்குப் பண்ணியது. பயத்தைப் போக்க ஏதாவது கதைக்க வேண்டுமே என்று, "என்ன முடி இது, இவ்வளவு அடர்த்தி" என்றேன். "அது அவர் அனுப்புற விட்டமின் மிஸ், முந்தி கொட்டிக்கொண்டே இருந்திச்சு" என்றாள். நான் சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டேன். அதற்கு இரண்டு நிமிஷத்துக்கு முந்திதான் மருந்துக் கேள்விக்கு 'இல்லை' என்று கோடு போட்டிருந்தேன்.

பின்னேரம் வந்த ரிப்போட்டில் டிஎஸ்எச் தரைமட்டம். தைரொக்சின் மேலே. எஃப்எஸ்எச், எல்எச் இரண்டும் இருக்க வேண்டியதைவிட மிகக் கீழே. ஈஸ்ட்ரடியோலோ இரண்டாம் நாளுக்கு ஒவ்வாத உயரத்தில். ஏஎம்எச்சும் குறைவு. மெஷினின் தரக்கட்டுப்பாடு அன்று சரியாகவே இருந்தது. பிறகு கேட்டும் பார்த்தேன். ஆக, பிழை என்று சொல்ல எதுவுமில்லை. அவளுக்குத் தைரொய்ட் கூடிவிட்டது என்று ஆனது, முட்டைக் கையிருப்பு குறைகிறது என்றும் ஆனது. ஸ்கானுக்கு ஓடினார்கள். தைரொய்ட்டை அடக்கப் பிள்ளைத் திட்டத்தைத் தள்ளிவைக்கச் சொன்னார்களாம். மாப்பிள்ளை லீவு முடிந்து போய்விட்டார். மாமியார் ஒருநாள் பார்மசிக்கு வந்தபோது, "அவக்கு முட்டை இல்லையாமே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தக் கடதாசி என் கையால் கொடுத்தது.

அந்த ரிப்போட்டை நான் சரியாக வாசித்தது 2018இல்தான். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பர் 28ஆம் தேதி ஒரு எச்சரிக்கை விட்டிருந்தது. பயோட்டின் என்ற விட்டமினை அதிக அளவில் எடுப்பவர்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் பிழையாக வரலாம். மாரடைப்பைக் காட்டும் டிரோபொனின் பிழையாகக் குறைந்து காட்டியதோடு தொடர்புபட்டு ஒருவர் இறந்ததாகவும் அறிக்கை வந்திருக்கிறது என்று. கண்டியில் ஒரு நண்பி அதைப் பற்றிச் சொன்னபோது, என் கண்முன் வந்தது அந்த முடிதான்.

நம்மைப் போல் சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும் என்பது கணக்கு. முடி, தோல், நகம் என்று படம் போட்ட போத்தல்களில் ஒரு குளிசைக்கு 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கும். 10,000 மைக்ரோகிராம் என்றால் 10 மில்லிகிராம், தேவையைப்போல் முன்னூறு மடங்குக்கும் மேல். மெஷினுக்குள் நடப்பதைச் சொல்ல எனக்குக் கம்பளை பஸ்தான் உதவும்.

ஹோர்மோனைப் பிடிக்கிற எதிர்பொருளின் வாலில் பயோட்டினைக் கட்டி வைத்திருப்பார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணிகள் அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஸ்ட்ரெப்டாவிடினில் நாலு இடம். அதுதான் பஸ் சீட். ஹோர்மோன், தன்னைப் பிடித்த எதிர்பொருளோடும், வெளிச்சம் தருகிற இன்னொரு எதிர்பொருளோடும் சேர்ந்து வந்து சீட்டில் உட்காரும். பிறகு மெஷின் மணிகளைக் காந்தத்தால் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கழுவிவிடும். சீட்டில் இருப்பவரின் வெளிச்சத்தை மட்டும் எண்ணும். இப்போது இரத்தத்திலேயே குளிசையின் பயோட்டின் நிறைந்து கிடந்தால், கண்டியிலேயே சீட்டெல்லாம் நிரம்பிய பஸ் கெலிஓயாவில் நிற்கிற கதைதான். ஏற வேண்டியவர்கள் பாதையில் நிற்கிறார்கள், கழுவும்போது போய்விடுகிறார்கள். வெளிச்சம் குறைகிறது. டிஎஸ்எச், எஃப்எஸ்எச், எல்எச், புரோலக்டின், ஏஎம்எச், கரு தங்கியபின் பார்க்கிற எச்சிஜி எல்லாம் இந்த வகையில் அளந்தால் இல்லாத குறைவைக் காட்டும்.

ஈஸ்ட்ரடியோல், புரொஜெஸ்டரோன், டெஸ்டொஸ்டிரோன், தைரொக்சின் ஆகியவை சின்ன மூலக்கூறுகள். இரண்டு எதிர்பொருள் பிடிக்க இடம் போதாது. அதனால் அவற்றைப் போட்டி முறையில் அளப்பார்கள். அங்கே வெளிச்சம் குறைந்தால் ஹோர்மோன் கூட என்று அர்த்தம். எனவே அதே பயோட்டின் இவற்றை இல்லாத உயரத்துக்கு ஏற்றும். 2016 ரிப்போட்டில் கீழே விழுந்ததெல்லாம் முதல் வகை, மேலே போனதெல்லாம் இரண்டாம் வகை. ஒன்றுகூட விதி தவறவில்லை. நோய் இவ்வளவு ஒழுங்காக வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பச்சை முட்டை வெள்ளையைத் தின்னக் கொடுத்த எலிகளுக்கு முடி உதிர்ந்து தோல் புண்ணானதிலிருந்துதான் பயோட்டினின் கதை தொடங்குகிறது. முட்டை வெள்ளையிலுள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினை விடாமல் பிடித்துக்கொண்டு உடம்புக்குப் போகாமல் தடுத்தது. 'பயோட்டின் குறைந்தால் முடி கொட்டும்' என்பதைத் திருப்பிப் போட்டு 'பயோட்டின் கூட்டினால் முடி வளரும்' என்று போத்தல் விற்கிறார்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குக் குறைவது அபூர்வம் என்பதை யாரும் லேபலில் போடுவதில்லை. மெஷின் செய்தவர்களோ அந்த இறுக்கமான பிடியையே, அவிடினின் உறவான ஸ்ட்ரெப்டாவிடினைக் கொண்டு, கொளுவியாக்கிக்கொண்டார்கள். ஒரே முட்டைக் கதையின் இரண்டு கிளைகள் எங்கள் அறையில் ஒரு டியூபுக்குள் முட்டிக்கொண்டன.

எல்லா மெஷினும் இப்படி அல்ல. பயோட்டின் கொளுவி இல்லாத முறைகளும் உண்டு. உள்ளவற்றிலும் எவ்வளவு பயோட்டினைத் தாங்கும் என்பது கிட்டுக்குக் கிட்டு வேறுபடும், அந்த எண் உள்ளே வைத்த துண்டில் அச்சிட்டிருக்கும். எச்சரிக்கைக்குப் பிறகு பல நிறுவனங்கள் தாங்கும் அளவை நன்றாகக் கூட்டிவிட்டன. ஆனால் ஊர் ஊராக எந்த அறையில் எந்தக் கிட் ஓடுகிறது என்று இரத்தம் கொடுக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

படிவத்தில் நானே கையால் ஒரு வரி சேர்த்தேன்: விட்டமின், முடிக் குளிசை, பவுடர், கம்மி, வெளிநாட்டிலிருந்து வந்த போத்தல் ஏதும்? "மருந்து" என்று கேட்டால் வராத பதில் "போத்தல்" என்று கேட்டால் வந்தது. மருந்து என்பது டொக்டர் எழுதுவது, நோயாளி குடிப்பது. சவூதியில் இருக்கிற நானா அனுப்பியது, லண்டன் சித்தி கொண்டுவந்தது மருந்தல்ல, அன்பு. அதை மருந்தென்று சொன்னால் அனுப்பியவரைக் குறை சொன்னது போலாகும்.

இதிலும் நான் பிழை விட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எல்லோரிடமும், "விட்டமின் எல்லாத்தையும் மூணு நாளைக்கு நிப்பாட்டிட்டு வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை மிட்வைஃப் மிஸ் கொடுத்த ஃபோலிக் அமிலத்தையும் நிப்பாட்டிவிட்டது. தைரொய்ட்டுக்கு டொக்டர் கொடுத்த குளிசையையும் நிப்பாட்டிவிட்டது. "நீங்கதானே மிஸ் சொன்னீங்க" என்றது. ஃபோலிக் அமிலம் மெஷினை ஒன்றும் செய்யாது. கருவின் முதுகெலும்பும் மூளையும் உருவாகிற முதல் வாரங்களுக்கு அது உடம்பில் முந்தியே இருக்க வேண்டும். பிள்ளை வேண்டி நிற்பவள் ஒருநாளும் விடக்கூடாதது அதுதான். அதற்குப் பிறகு நிப்பாட்டச் சொல்லும்போது நான் 'எல்லாம்' என்ற சொல்லையே பாவிப்பதில்லை. போத்தலைப் பார்த்து, பயோட்டின் எத்தனை என்று வாசித்து, அந்த ஒன்றைக் காட்டித்தான் சொல்வேன். டொக்டர் கொடுத்ததை டொக்டரிடம் கேட்காமல் விடக்கூடாது. எத்தனை நாள் என்பதும் அளவைப் பொறுத்தது. 5, 10 மில்லிகிராம் குடிக்கிறவர் இரண்டு நாளாவது விட்டிருந்தால் எனக்கு நிம்மதி. அதற்கு மேலே குடிக்கிறவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் இன்னும் நாள் வேண்டும்.

2022 ஏப்ரல். கரண்ட் போய்ப் போய் வந்த நாட்கள். மார்ச் கடைசியில் ஒருநாள் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். சென்ட்ரிஃபியூஜ் எப்போது சுழலும் என்று நேரம் பார்த்துத்தான் இரத்தமே எடுக்க வேண்டும். திரீவீலர்கள் பெற்றோல் கியூவில் படுத்துக் கிடந்தன. நோன்பு மாதமும் அதுவேதான். வெலம்பொடப் பக்கமிருந்து புரொஜெஸ்டரோனுக்கு ஒருத்தி காலை ஏழரைக்கு வந்தாள். இருபத்தோராம் நாள்.

"ஏதும் குடிச்சீங்களா?"

"நோன்பு மிஸ். பச்சத்தண்ணியும் இல்ல."

கையைத் துடைக்கப் போனவள் நின்றேன். "சஹருக்கு?"

"சோறு தின்ட. பொறவு ஒரு குளிசை குடிச்ச, முடிக்கி."

சஹர் என்றால் விடிய நாலு மணி. குடித்த பயோட்டின் இரத்தத்தில் உச்சத்துக்கு வர ஓரிரு மணித்தியாலம் போதும், நான் எடுக்கப்போவது அந்தச் சூட்டோடுதான். புரொஜெஸ்டரோன் போட்டி வகை, இல்லாததை இருக்கிறதாகக் காட்டும். 2016இல் பொய் கெட்ட செய்தியாக வந்தது. இங்கே நல்ல செய்தியாக வந்துவிடும்: முட்டை வெளியாகிறது, பிரச்சினை இல்லை, வீட்டுக்குப் போங்கள். கெட்ட செய்தியை ஒருத்தராவது சந்தேகிப்பார். நல்ல செய்தியை யார் திரும்பக் கேட்கப் போகிறார்கள்?

மாதவிடாய் எத்தனை நாளைக்கு ஒருக்கா என்று கேட்டேன். முப்பது. அப்படியானால் அவளுக்குச் சரியான நாளே இருபத்து மூன்றுதான். இருபத்தொன்று என்று துண்டில் இருப்பது இருபத்தெட்டு நாள்காரிக்கு. "போத்தலைத் தொடாம ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. நியாயம். அந்த மாதம் வெலம்பொடவிலிருந்து ஒருதரம் வருவதே பெரிய காரியம். "காசு போகாட்டியும் கால் போகுதே மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கண்டிக்குப் பேசி அவள் பெயரில் கணக்கு எழுதாமல் பார்த்துக்கொண்டேன், அதற்கு மேல் என்னால் ஏலாது. இரண்டு நாள் கழித்து நெரிசலான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தாள். புரொஜெஸ்டரோன் குறைவாகத்தான் வந்தது. முட்டை வெளியாகவில்லை. டொக்டருக்குச் சிகிச்சையைத் தொடங்க ஒரு பிடி கிடைத்தது.

ஆண்களைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. அவர்களும் வருவதில்லை, அதுதான் காரணம். மனைவிக்கு ஐந்து டெஸ்ட் முடிந்த பிறகு, ஆறாவதாக மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வருவார். அப்படி வந்த ஒரு தம்பி, ஜிம் போகிறவர், புஜம் சட்டைக் கைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றது. எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் கிட்டத்தட்டப் பூச்சியம், டெஸ்டொஸ்டிரோன் உச்சம். எனக்கு உடனே பயோட்டின் நினைவுதான் வந்தது. கீழே போக வேண்டியவை கீழே, மேலே போக வேண்டியது மேலே, அதே முகம். போத்தலைக் கேட்டேன். புரத மாவு டின்னைக் கொண்டுவந்தார். பயோட்டின் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. வேறேதும் என்று கேட்டபோது கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "கோச் ஒரு ஊசி போடுவாரு. சப்ளிமென்ட்தான்" என்றார்.

இங்கே மெஷின் பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து டெஸ்டொஸ்டிரோன் ஏறினால், போதும் என்று மூளை எல்எச், எஃப்எஸ்எச் குழாயைப் பூட்டிவிடும். அந்த இரண்டும் இல்லாமல் விந்தணு உற்பத்தி நிற்கும். விந்துப் பரிசோதனையில் ஒன்றுகூட இல்லை. ஆண்மைக்கென்று போட்ட ஊசி பிள்ளைக்கு வழியை அடைத்துவிட்டது. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் போல் ஆகும், நிறுத்திய பிறகும் பழையபடி வர மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். டொக்டர் அதைச் சொல்லும்போது தம்பி அழுதாராம். கடதாசியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றில் போத்தல் மெஷினை ஏமாற்றியிருக்கிறது, மற்றதில் ஊசி உடம்பையே மாற்றியிருக்கிறது. பிரித்துக் காட்டியது விந்துப் பரிசோதனையும் அந்தச் சுவரைப் பார்த்த பார்வையும்தான்.

மற்றவையும் சில உண்டு. வயிற்றுப் பிரட்டலுக்கு என்று பார்மசியில் சும்மா வாங்குகிற டொம்பெரிடோன் புரோலக்டினை உண்மையாகவே ஏற்றும். டிஎச்ஈஏ என்ற குளிசை உடம்புக்குள் போய் டெஸ்டொஸ்டிரோனாக மாறும். காலையில் பாதையோரம் விற்கிற ஹாத்தாவாரிய இலைக்கஞ்சியைப் பற்றியும் கேட்பார்கள். கஞ்சி குடித்ததற்காக ஒரு ரிப்போட் புரண்டு நான் பார்த்ததில்லை. குடியுங்கள் என்பேன், எனக்கும் ஒன்று வாங்கிவரச் சொல்வேன்.

2016இல் வந்தவளைப் பிறகு தேடினேன். குடும்பம் கட்டாருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். இலக்கம் மாறியிருந்தது. பழைய பதிவுப் புத்தகத்தில் அவள் வரி இன்னும் இருக்கிறது, 'மருந்து: இல்லை' என்று என் கையெழுத்தில்.

போன மாதம் ஒரு மாமியார் மருமகளோடு உள்ளேயே வந்துவிட்டார், வாங்கில் இருக்கவில்லை. முதல்நாள் நான் போனில், "வீட்டில இருக்கிற போத்தல் எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்று சொன்னதற்கு, மருமகளை நம்பாமல் தானே அலுமாரியைத் துடைத்து ஒரு பையில் அள்ளி வந்திருந்தார். மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். ஃபோலிக் அமிலம், மீன் எண்ணெய், கல்சியம், காலாவதியான இருமல் பாணி, என்னவோ ஒரு தைலம். கடைசியாக ஊதா மூடி போட்ட ஒன்று. லேபலைத் திருப்பினேன், பயோட்டின் 10,000 மைக்ரோகிராம்.

"இது எப்ப இருந்து குடிக்கிறீங்க மகள்?" என்று மருமகளைக் கேட்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"அது அவட இல்ல மிஸ்" என்றார் மாமியார், முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டே. "அது என்ட. ஏன், எனக்கும் இன்டைக்கு தைரொய்ட் டெஸ்ட் ஒண்டு ஈக்கிதானே, அதுக்கு ஒண்டும் செய்யாதே?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் மருமகளின் கையில் பட்டியைக் கட்டினேன். மாமியாரின் துண்டை மடித்து, வெள்ளிக்கிழமை தேதி போட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.